கைக்குச் 'சுள்' என்று பட்டதா? மழைக்கால வீட்டில் மின்கசிவைத் தேடிப் பிடிக்கும் முறை

தக்கலை வட்டாரத்தில் இருபது வருடங்களுக்கும் மேலாக வயர்மேன் வேலை செய்கிறேன். குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தவணையாக வரும். ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. இரண்டு தவணையிலும் சுவர் ஊறும், ஓடு ஒழுகும், என் தொலைபேசி ஓயாது. பெரும்பாலான அழைப்புகளின் சாரம் ஒன்றுதான்: "தொட்டால் லேசாகச் சுள் என்கிறது."

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் குளியலறைக் குழாயைக் காட்டினார். "ஒரு வருடமாகவே அப்படித்தான் மக்களே. செருப்புப் போட்டுக்கொண்டு திறந்தால் ஒன்றும் செய்யாது." அந்த வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருந்தது. அன்று பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது என் கை நடுங்கியது. காரணம் வெறும் பிளக்தான்: கீஸரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். உடலில் ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுள் என்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியர் சற்று நேரம் பாய்ந்தாலே மூச்சும் இதயமும் ஆபத்தில். காலில் செருப்பு, காய்ந்த தரை, காய்ந்த கை இருப்பதால்தான் அந்தச் சுள் சுள்ளோடு நிற்கிறது. அதே இடத்தில் வெறுங்காலோடு, தலை நனைந்து நிற்பவருக்கு அது வேறு கதை. ஆகவே சுள் என்று ஒரு முறை பட்டாலும் அன்றைக்கே தேடிவிடுங்கள்.

தேடத் தொடங்கும் முன் ஓர் எல்லை. வீட்டுக்காரர் செய்யக்கூடியது சுவிட்சை அணைப்பது, பிளக்கைக் கழற்றுவது, கண்ணால் பார்ப்பது. எந்தப் பெட்டியின் மூடியையும் திருகித் திறக்க வேண்டாம். டெஸ்டர் வைத்திருந்தால், மின்சாரம் நிச்சயமாக இருக்கும் ஒரு பிளக் துளையில் முதலில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகுதான் சந்தேகத்துக்குரிய இடத்துக்குப் போக வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி எதையும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

குழாயை, வாளித் தண்ணீரைத் தொட்டால் சுள் என்கிறது

முதலில் அந்தக் குழாயை வீட்டில் யாரும் தொடாதபடி செய்யுங்கள். கீஸர், வாஷிங் மெஷின், கிணற்று மோட்டார், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இணைப்பு என்று தண்ணீரோடு உறவுள்ள எல்லாவற்றின் சுவிட்சையும் அணையுங்கள். பிளக் இருந்தால் கழற்றியே விடுங்கள், ஏனென்றால் பழைய வயரிங்கில் சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் வயருக்குப் பதில் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கக் கூடும். அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தாலும் கருவிக்குள் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

பிறகு ரப்பர் செருப்போடு, காய்ந்த இடத்தில் நின்று, குழாயில் டெஸ்டரை வையுங்கள். எரியவில்லையென்றால் ஒவ்வொரு கருவியாக இணைத்து, ஒவ்வொரு முறையும் டெஸ்டரால் மட்டும் பாருங்கள். எதை இணைக்கும்போது எரிகிறதோ, அதுதான் ஆள். வாளியில் போடும் ஹீட்டர் கம்பி என்றால் இந்தச் சோதனைகூட வேண்டாம். அதைத் தூக்கி எறியுங்கள். அதன் மேலுறையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாளித் தண்ணீர் முழுவதும் மின்சாரம்தான். எங்கள் தொழிலில் நான் வெறுக்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆள் அகப்பட்ட பிறகு காரணத்தைச் செலவு குறைந்ததிலிருந்து பாருங்கள். பிளக்கில் மூன்று பின்னும் இருக்கின்றனவா? மேலே தடித்து நீண்டிருப்பது எர்த் பின். அது அறுக்கப்பட்டிருந்தாலோ, இரண்டு பின் அடாப்டர் வழியாக மாட்டியிருந்தாலோ கசியும் மின்சாரம் தரைக்குப் போக வழியில்லை. உங்கள் வழியாகப் போகும். பிளக் மாற்ற நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிளக் சரி என்றால் அடுத்த சந்தேகம் சுவரில் உள்ள சாக்கெட்: மூன்று துளை இருக்கும், ஆனால் பின்னால் பச்சை வயர் வந்தே இருக்காது. பழைய ஓட்டு வீடுகளில் பிற்பாடு குளியலறை சேர்த்துக் கட்டிய இடங்களில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது வயர்மேன் வேலை.

அதற்கும் மேலே, கீஸரின் சூடேற்றும் சுருள் பழுதாகியிருக்கலாம். நம் ஊரின் பல கிணறுகளில் தண்ணீருக்கு உப்பும் காவியும் உண்டு. சுருளின் மேல் உப்புப் படிந்து உறை அரித்துவிடும். சுருளை மாற்றலாம். ஆனால் தொட்டியும் துருப்பிடித்திருந்தால் கீஸரையே மாற்றுவது நல்லது.

எந்தக் கருவியையும் இணைக்காமலே குழாயில் டெஸ்டர் எரிந்தால்? மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வயர் வெயிலில் வெடித்துத் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் குழாய்தானே, மின்சாரம் வராது என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குழாய் பிளாஸ்டிக்தான், உள்ளே ஓடுவது தண்ணீர்.

மிதவை சுவிட்சும் இல்லையென்றால் மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் வயர் அறுந்திருக்கலாம், எர்த் வயரை மண்ணோடு இணைக்கும் எர்த் குழி செத்திருக்கலாம்.

எர்த் குழியைப் பற்றி நம் மாவட்டத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மலையோரப் பகுதிகளில் நாலடி தோண்டினால் பாறை. பல இடங்களில் செஞ்சரளை மண். இரண்டும் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரத்தில் எதிர்த் தொல்லை: உப்புக் காற்றில் எர்த் குழாயும் கம்பி முடுக்கிய போல்ட்டும் பொடிந்து உதிர்ந்துவிடும். மேலே பார்த்தால் கம்பி இருக்கும், தொட்டு ஆட்டினால் கையோடு வரும். மலையோரத்தில் பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுங்கள். கடலோரத்தில் வருடம் ஒரு முறை அந்தப் போல்ட்டை ஆளை வைத்துக் கழற்றித் தேய்த்து முடுக்கச் செய்யுங்கள். வயர்மேன் வந்தால் "எர்த் எத்தனை ஓம் காட்டுகிறது?" என்று கேளுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அளக்காமலே "நன்றாக இருக்கிறது" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

மழை பெய்தால் ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது

பலர் இதை இன்னும் ஈஎல்சிபி என்றே சொல்கிறார்கள். மீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில், சிறிய சோதனைப் பொத்தானோடு இருப்பது. மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சாதனம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதுதான் வேண்டும். 100, 300 என்று எழுதியது உயிரைக் காப்பதற்கு அல்ல.

அது விழும்போது எரிச்சல் வரும். அரிசி பாதி வெந்திருக்கும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், மழை கொட்டும். ஆனாலும் கேளுங்கள்: அது விழுகிறதென்றால் வீட்டில் எங்கோ மின்சாரம் வழிதவறிப் போகிறது. அதைச் சொல்ல வீட்டில் வேறு யாரும் இல்லை.

முதலில் எல்லா எம்சிபிகளையும், அதாவது ஒவ்வொரு வயர் வரிசைக்கும் தனித்தனியாக உள்ள சிறு சுவிட்சுகளை, கீழே இறக்குங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள், பிரிட்ஜையும் சேர்த்து. இப்போது ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள்.

நிற்கிறது என்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. பிளக் எதுவும் மாட்டாமலே விழுகிறது என்பதால் குற்றவாளி வயரோ வெளிவிளக்கோதான். நான் முதலில் பார்க்கும் இடங்கள்: வாசல் கேட் விளக்கு, கிணற்றடி விளக்கு, அழைப்பு மணியின் பொத்தான், மொட்டைமாடி ஜங்ஷன் பெட்டி. பெட்டியைத் திறந்தால் பாதி நாள் எறும்புப் புற்று, மீதி நாள் செத்த பல்லி. கேட் விளக்கின் எம்சிபியை இறக்கி வைத்துவிட்டு மற்ற வீட்டை ஓட்டிக்கொள்ளலாம். மறுநாள் ஆள் வந்து மாற்றட்டும்.

எல்லா எம்சிபியும் ஏறி நிற்கிறது என்றால், கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். விழச்செய்யும் கருவி தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி நிற்க மறுக்கிறதா? இங்கேதான் பலரும் "சாதனம் கெட்டுவிட்டது" என்று புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள், புதியதும் விழுகிறது. சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். எங்கேனும் ஓரிடத்தில் நியூட்ரல் வயர் எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபி கீழே இருந்தாலும் ஆர்சிசிபி அதை உணர்ந்து விழும். இதைக் கண்டுபிடிக்க நியூட்ரல் வயர்களைத் தனித்தனியே பிரித்து, வயரின் உறை தாங்குகிறதா என்று காட்டும் மெகர் கருவியால் அளக்க வேண்டும். வீட்டுக்காரர் இதில் கை வைக்கக் கூடாது.

குறிப்பிட்ட கருவி எதுவும் அகப்படாமல், எல்லாம் ஓடும்போது மட்டும் எப்போதாவது விழுந்தால் சின்னச் சின்னக் கசிவுகள் கூட்டாகச் சேர்ந்திருக்கும். 30 என்று எழுதியது 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். பெரிய வீட்டில் ஒற்றை ஆர்சிசிபி வைத்திருந்தால், மாடிக்கும் கீழுக்கும் தனித்தனியாகப் பிரித்துவிடுவது தீர்வு. செலவு சில ஆயிரங்கள் ஆகும்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "தொந்தரவாக இருக்கிறது, நேரடியாகக் கொடுத்துவிடு" என்று வயர்மேனிடம் சொல்லாதீர்கள். அப்படிச் செய்துகொடுக்கும் வயர்மேனும் இருக்கிறார். அவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழவில்லை

மின்சாரம் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். ஆராய்ச்சி தேவையில்லை. மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதை மின்கட்டணம் கட்டுவது போலப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் ஒரு கையால் ஃபேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்தவரை ஆர்சிசிபியால் காப்பாற்ற முடியாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

துணி உலர்த்தும் கம்பி, தகரக் கூரை, இரும்பு கேட்டில் சுள் என்கிறது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மழை விட்ட வேளையில் ஈரத்துணியோடு, வெறுங்காலில், நனைந்த முற்றத்தில் நின்று இரும்புக் கம்பியைப் பிடிப்பதைவிட மோசமான நிலை வேறு இல்லை.

கொடி எங்கிருந்து எங்கே கட்டியிருக்கிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். ஒரு முனை மின்கம்பத்திலோ, அதைச் சாயாமல் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியிலோ கட்டியிருந்தால் நீங்களே அவிழ்க்கப் போகாதீர்கள், மின்வாரியத்தை அழையுங்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரையும் பாருங்கள். தென்னை மட்டையோ பலாக்கிளையோ உரசி உரசி மேலுறை தேய்ந்து, கூரைத் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அங்கிருந்து கொடிக்கு இறங்கும். கொடியின் மேலேயே பல்பு வயரைச் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறீர்களா? கல்யாணம், கொடை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று போட்ட வயர் பலநாள் அப்படியே கிடக்கும்.

வீட்டு மெயினையும், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்த பிறகும் சுள் நிற்கவில்லையென்றால் கசிவு மீட்டருக்கு முன்னால் இருக்கிறது. அது மின்வாரியத்தின் பகுதி. தனியார் வயர்மேன் தொடக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். லைன்மேன் வரும்வரை கொடிப் பக்கம் யாரும், மாடும் ஆடும்கூடப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது எப்படியானாலும் இரும்புக் கம்பிக் கொடியை இன்றே பிளாஸ்டிக் கயிறாக மாற்றிவிடுங்கள். ஐம்பது ரூபாய் வேலை. அலுமினியத் துரட்டியால் முருங்கைக்காயோ மாங்காயோ பறிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மரத்துக்கு நடுவே கம்பி போகிறதென்றால் மூங்கில் துரட்டியும் வேண்டாம்; மழையில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும்.

கிணற்று மோட்டாரைத் தொட்டால் அடிக்கிறது

மோட்டாரின் மேல் மழை விழுகிறதா? ஒரு தகரமோ ஓலையோ கூரையாகப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. அடுத்து, மோட்டார் உடம்பில் எர்த் கம்பி முடுக்கியிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு வயரில் ஒட்டுப் போட்ட இடங்களைப் பாருங்கள். வெறும் டேப் சுற்றிய ஒட்டு ஒரு மழைக்குத் தாங்காது. இவை எல்லாம் சரியாக இருந்தும் அடித்தால் சுருளில் ஈரம் இறங்கியிருக்கிறது. மோட்டாரைக் கழற்றி உலர்த்தவோ புதிதாகச் சுருள் சுற்றவோ கடைக்குக் கொண்டுபோக வேண்டும். நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போது கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது, குளிக்கவும் கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

சில விளக்குகள் மங்குகின்றன, சில கண்ணைக் கூசுகின்றன

உடனே மெயினை அணையுங்கள். பிளக்கைக் கழற்றுவது எல்லாம் பிறகு. மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் இது நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். காற்றுமழை நாட்களில் கம்பத்திலேயே நியூட்ரல் அறுந்து தெரு முழுக்க இப்படி ஆகும். பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள், பிறகு மின்வாரியத்தை அழையுங்கள்.

சுவிட்ச் போர்டு சுடுகிறது, கருகிய வாடை வருகிறது

6 ஆம்பியர் சாக்கெட்டில் எதை மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இழுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். அடுக்களையில் ஒரே எக்ஸ்டென்ஷனில் மிக்ஸி, அடுப்பு, கெட்டில் மூன்றும் இருந்தால் கருகாமல் என்ன செய்யும்? அடுப்பை 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றியும் சுட்டால் பின்னால் திருகு தளர்ந்திருக்கும். போர்டில் பழுப்புக் கறை தெரிந்தால் அந்த வரிசையின் எம்சிபியை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறது

இன்வெர்ட்டரை நினைவில் வையுங்கள். மெயினை அணைத்ததும் அது மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். பல்பு மாற்றப் போகிறவரை இது பலமுறை ஏமாற்றியிருக்கிறது. இன்வெர்ட்டரையும் தனியே அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியதும் நம் மாவட்டத்தில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது சிலர் இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரால் ஜெனரேட்டரை வீட்டுச் சாக்கெட்டில் சொருகி ஓட்டினார்கள். மெயினை இறக்க மறந்துவிட்டால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறும். அறுந்த கம்பியை இணைத்துக்கொண்டிருக்கும் லைன்மேன் அதில் மாட்டுவார். தெரு இணைப்பு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைக்காதீர்கள்.

வீட்டுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது

2021 நவம்பர் மழையில் பல வீடுகளில் நடந்தது இது. மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரில் நடக்காமல் போக முடியுமென்றால் மட்டும் அணையுங்கள். முடியாதென்றால் வெளியேறி மின்வாரியத்தைக் கூப்பிட்டுக் கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு, மூழ்கிய சாக்கெட் வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே சேறு இருக்கும். வயர்மேன் மெகர் வைத்து அளந்து சொல்லும்வரை மெயினை ஏற்றாதீர்கள்.

ஒருவர் மின்சாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்

அவரைத் தொடாதீர்கள். பிள்ளையாக இருந்தாலும் தொடாதீர்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்து மாட்டிக்கொள்வதுதான் நடக்கும். ஓடிப்போய் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். அதற்காகவே மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விலக்குங்கள். பச்சைத் தென்னை மட்டை, ஈரக் கம்பு கூடாது. தெருக்கம்பி அறுந்து விழுந்து ஒருவர் கிடந்தால் கட்டையோடும் கிட்டே போகாதீர்கள். குறைந்தது பத்து மீட்டர் விலகி நின்று மின்வாரியத்தை அழையுங்கள்.

விலக்கியதும் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை.

அவர் தானே எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை, கொஞ்சம் தண்ணீர் கொடு" என்று சொன்னாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இதயத்துடிப்பு பிறகும் தடுமாறலாம். தோலில் சின்னப் புள்ளியாகத் தெரியும் தீக்காயம் உள்ளே ஆழமாகப் போயிருக்கலாம்.